பழைய டரட் மில்: ஜிப்பை இறுக்கினால் ஓரத்தில் மாட்டுகிறது, விட்டால் நடுவில் ஆடுகிறது

சதுரமுனை:

வணக்கம். என்னிடம் ஒரு பழைய டரட் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகம் வெட்டுவது, ஹெட்டைத் திருப்பி வைக்கலாம்) இருக்கிறது. 1938இல் பிரிட்ஜ்போர்ட் கொண்டுவந்த அமைப்பைப் பின்பற்றி வந்த எத்தனையோ மெஷின்களில் ஒன்று. பெயர்ப்பலகை எப்போதோ காணாமல் போய்விட்டது. முழுக்க மேனுவல், பவர் ஃபீட் கூடக் கிடையாது.

எக்ஸ் (இடவலம்) கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பினால், டேபிள் நகர ஆரம்பிப்பதற்குள் டயலில் 0.6 மி.மீ. ஓடிவிடுகிறது. கிளைம்ப் கட் (கட்டர் சுழலும் திசையிலேயே டேபிளை நகர்த்தி வெட்டுவது) எடுத்தால் கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. டேபிள் ஜிப்பை (வழித்தட இடைவெளியை அடைக்கும் ஆப்புப் பட்டை) நடுவில் வைத்து இறுக்கினால் அங்கே அருமையாக ஓடுகிறது, ஓரத்துக்குப் போனதும் கைப்பிடி நின்றுவிடுகிறது. ஓரத்துக்குத் தோதாகத் தளர்த்தினால் நடுவில் ஆட்டம். இது போதாதென்று, வைஸில் 100 மி.மீ. சதுரக் கட்டையைப் பிடித்து மேல்முகம் வெட்டினால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 0.04 மி.மீ. தடிமன் வித்தியாசம் வருகிறது.

புது லீட் ஸ்க்ரூவும் (டேபிளை நகர்த்தும் நீளத் திருகு) நட்டும் வாங்கிப் போட்டால் தீருமா? இல்லை, மொத்தமாக ஸ்க்ரேப்பிங் (வழித்தடங்களைக் கையால் சுரண்டிச் சமமாக்குவது) செய்தே ஆக வேண்டிய நிலையா?

டவ்டெயில்:

எதையும் வாங்காதீர்கள், எதையும் சுரண்டாதீர்கள். நீங்கள் சொன்னதில் குறைந்தது மூன்று தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து "தேய்மானம்" என்று சொன்னால் எந்தத் திருகைத் திருப்புவது என்றே தெரியாது.

முதலில் அந்த 0.6ஐப் பிரித்துப் பாருங்கள். மேக்னெட் ஸ்டாண்டை டேபிளில் ஒட்டி, டயல் கேஜின் முனையை லீட் ஸ்க்ரூவின் முனைமுகத்தில் வையுங்கள். ஸ்க்ரூ முனையில் சென்டர் குழி இருந்தால் அதில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு ஸ்டீல் பந்தை உட்கார வைத்து, அந்தப் பந்தின் மேல் டயலை வைப்பது நல்லது. இதில் ஒரு விஷயம்: உங்கள் மெஷினில் ஸ்க்ரூ டேபிளோடு சேர்ந்து போகும், அதனால்தான் ஸ்டாண்டு டேபிளில் இருக்க வேண்டும், சேடிலில் (டேபிளைத் தாங்கும் பகுதி) அல்ல. கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பும்போது டேபிளுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே எவ்வளவு அசைவு? அது பேரிங் பக்கத்து எண்ட் ப்ளே. அதற்கும் நட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் நட்டும் மரையும். அதை நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் எடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு என்றால் நட் தேய்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் அதிகம் என்றால் ஸ்க்ரூவும் தேய்ந்திருக்கிறது.

அப்புறம், டேபிளை இரண்டு கோடிக்கும் ஓட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள், பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஸ்டாண்டு சேடிலில், டயல் டேபிளில். தூக்கும்போது வருவது ஒரு கணக்கு, தள்ளும்போது வருவது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயில்கேன்:

அளப்பதற்கு முன்னால் ஒரு வேலை. ஆயில் போகிறதா என்று பாருங்கள்.

கைப்பம்பை இழுத்தால் பம்பு வேலை செய்கிறது என்று மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் எண்ணெய் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. ஒவ்வொரு லைன் முடிவிலும் மீட்டரிங் யூனிட் என்று சின்ன ஃபிட்டிங் இருக்கும், அது அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து எந்த அறிகுறியும் தெரியாது. மற்ற லைன்களில் எண்ணெய் வழியும், அந்த ஒன்று மட்டும் வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கும். டேபிளை ஒரு கோடிக்குத் தள்ளிச் சேடிலின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, பம்பை இழுத்து, எங்கெல்லாம் ஈரம் வருகிறது என்று பாருங்கள். பின்பக்க வழித்தடம்தான் பெரும்பாலும் காய்ந்திருக்கும், ஏனென்றால் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பம்புக்குப் பதிலாக நிப்பிள் இருக்கும் மெஷின் என்றால் கிரீஸ் கன்னைக் கொண்டுபோகாதீர்கள். பழைய பிரிட்ஜ்போர்ட் வகையில் அந்த நிப்பிள் எண்ணெய்க்கானது. கிரீஸ் உள்ளே போனால் துளைகளில் கெட்டியாகி உட்கார்ந்துகொள்ளும், இரும்புத்தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கிட்டத்தட்ட லேப்பிங் பேஸ்ட் (உலோகத்தைத் தேய்த்தெடுக்கும் பசை) தடவுவது போலத்தான். ஸ்லைடுவே ஆயில் 68 கிரேடு போடுங்கள். என்ஜின் ஆயிலும் வழுக்கும், ஆனால் ஸ்லைடுவே ஆயிலில் ஒட்டிக்கொள்ளும் தன்மை சேர்த்திருப்பார்கள், மெதுவாக நகர்த்தும்போது டேபிள் தயங்கித் தயங்கிக் குதிக்காது.

பாதிமரை:

ஜிப்புக்குப் பின்னால் ஷிம் ஸ்டாக் (மெல்லிய உலோகத் தகடு) வைத்தால் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு பேச்சு?

டவ்டெயில்:

பாதிமரை, ஷிம் வைப்பது ஜிப் தன் ஓட்டத்தின் கடைசிக்கு வந்துவிட்டால் மட்டும். திருகு முழுக்கப் போயும் இறுகவில்லை என்பது வேறு. இவருக்கு இறுகுகிறது, ஓரத்தில் மாட்டுகிறது. ஷிம் வைத்தாலும் அதே இடத்தில் மாட்டும்.

நீலம்தடவி:

தம்பி, ஜிப் சரிசெய்யும் முறையைச் சொல்கிறேன், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டேபிள் நடுவில்தான் அதிகம் வேலை செய்யும், எனவே வழித்தடமும் அங்கேதான் அதிகம் தேயும். ஓரங்கள் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். அதனால் ஜிப்பை எப்போதும் தேயாத இடத்தில், அதாவது ஓரத்தில் வைத்துத்தான் செட் செய்ய வேண்டும். நடுவில் மிஞ்சும் ஆட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். நடுவில் செட் செய்துவிட்டு ஓரத்தில் பலம் கொடுத்து ஓட்டினால், நல்லபடியாக இருக்கும் இரண்டு ஓரங்களையும், லீட் ஸ்க்ரூவையும் சேர்த்துத் தேய்க்கிறீர்கள்.

ஜிப்பை முதலில் வெளியே எடுங்கள். எந்தக் கோடி முன்னால் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கழுவுங்கள். திருகின் தலை உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள், அது அகன்றுபோயிருந்தால் டேபிள் போகும் திசைக்கு ஏற்ப ஜிப் தானே முன்னும் பின்னும் நகரும். ஒரு பக்கம் ஓட்டும்போது டைட், மறுபக்கம் லூஸ் என்று வருவது இதனால்தான். பள்ளத்தில் வெல்டிங் வைத்து ராவிவிடலாம், அல்லது திருகின் கழுத்தில் சரியான தடிமனில் வாஷர் போடலாம். ஜிப் வளைந்திருக்கிறதா என்று சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமாகச் சமமான பலகை) வைத்து நடுவைத் தட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நைஸ் எண்ணெய்க்கல்லால் எடுத்துவிடுங்கள், ஃபைல் வேண்டாம்.

இது டேப்பர் ஜிப். சரிவு 1:50 என்று வைத்துக்கொண்டால், ஜிப் நீளவாக்கில் 1 மி.மீ. நகர்ந்தால் இடைவெளி 0.02 மி.மீ. குறையும். திருகின் பிட்ச் 1.5 என்றால் அரைச் சுற்றுக்கு 0.015. அரைச் சுற்று என்பது நிறைய. கால் சுற்று, அதற்கும் குறைவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் டேபிளைக் கோடிக்குக் கோடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் திருகு இருக்கும் மெஷின் என்றால், ஒன்றைத் தளர்த்திவிட்டு மற்றதை இறுக்கி, கடைசியில் தளர்த்தியதை வந்து முட்டும்வரை கொண்டுவர வேண்டும்.

கைப்பிடியை வைத்து ஜிப்பின் இறுக்கத்தைக் கணிக்காதீர்கள். ஸ்க்ரூ வளைந்திருந்தாலும் கைப்பிடி இறுகும். முடிந்தால் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு டேபிளைக் கையால் தள்ளிப் பாருங்கள். அப்போது கை சொல்வது ஜிப்பை மட்டும்.

சதுரமுனை:

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

எண்ட் ப்ளே 0.22. மொத்த பேக்லாஷ் (திசை மாற்றும்போது டயலில் வீணாகும் ஓட்டம்) நடுவில் 0.6, இரு ஓரங்களிலும் சுமார் 0.35. ஆக, நட்டும் மரையும் சேர்ந்து நடுவில் 0.38, ஓரத்தில் 0.13. ஆயில்கேன் சொன்னது அப்படியே: சேடிலின் பின்பக்க வழித்தடத்துக்கு எண்ணெய் வரவே இல்லை. மீட்டரிங் யூனிட்டைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி அடைத்திருந்தது, மாற்றிவிட்டேன்.

டேபிளின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். இடது கோடியிலிருந்து வலது கோடிக்குப் போவதற்குள் மீட்டருக்கு 0.5 மி.மீ. மாறுகிறது. டேபிளின் ஓட்டம் 600 மி.மீ. ஆனால் ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி டேபிள் மேல் ஓட்டினால் அவ்வளவு ஒன்றும் தெரியவில்லை. எதை நம்புவது?

டவ்டெயில்:

இரண்டையும். அவை வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. ஸ்பிண்டிலில் கட்டிய டயல், சேடிலுக்கு நேர் மேலே இருக்கும் புள்ளியை மட்டும்தான் பார்க்கிறது. டேபிள் முழுதாகச் சாய்ந்தாலும் சாய்வின் மையத்துக்குப் பக்கத்தில் உயரம் அதிகம் மாறாது. ரசமட்டம் சாய்வை நேரடியாகக் காட்டும்.

மைக்ரான்தேடி:

ரசமட்டக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. டேபிளின் எடை ஒரு பக்கமாகப் போகும்போது மெஷினே தரையில் கொஞ்சம் சாயும், குறிப்பாக நாலு மூலையும் சரியாக உட்காராமல் இருந்தால். அதையும் சேர்த்துத்தான் ரசமட்டம் காட்டுகிறது. சேடில் மேலோ ‘நீ’ (knee, சேடிலைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதி) மேலோ மட்டத்தை வைத்து, டேபிளைக் கோடிக்குக் கோடி ஓட்டுங்கள். அங்கே எவ்வளவு மாறுகிறதோ அதை டேபிள் மேல் எடுத்த அளவிலிருந்து கழியுங்கள்.

சதுரமுனை:

‘நீ’ மேல் வைத்தால் மீட்டருக்கு 0.2 மாறுகிறது! ஆக, டேபிளின் உண்மையான சாய்வு 0.3 தானா?

மைக்ரான்தேடி:

ஆமாம். மெஷினுக்கு அடியில் எந்த மூலை காற்றில் இருக்கிறது என்று பார்த்து ஷிம் கொடுங்கள். பாதிமரைக்கும் அவருடைய ஷிம்மைப் போட ஒரு இடம் கிடைத்துவிட்டது.

மிச்சம் 0.3ஐப் பற்றி. கேட்கப் பயமாக இருக்கும், கணக்குப் போட்டால் பயம் போய்விடும். டேபிள் ஒரே சீரான வில்லில் நகர்கிறது என்று எடுத்துக்கொண்டால், 600 மி.மீ. ஓட்டத்தில் மீட்டருக்கு 0.3 சாய்வு என்பது 2000 மீட்டர் ஆரமுள்ள வில். 500 மி.மீ. நீளக் கட்டையை வெட்டினால் நடுப்பகுதி ஓரங்களைவிட 0.016 மி.மீ. தடிப்பாக வரும். 100 மி.மீ. கட்டை என்றால் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தைப் போல் 8 மடங்கால் வகுத்துப் பாருங்கள், இதே விடை வரும். நிஜத்தில் தேய்மானம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது, ஆனால் எந்த அளவில் பிழை வரும் என்பதற்கு இது போதும்.

ஆகவே உங்கள் 100 மி.மீ. கட்டையில் வரும் 0.04 இந்த வழித்தடத்திலிருந்து வரவில்லை. அதுவும் முன்பின் திசையில். வேறு இடத்தில் தேடுங்கள்.

நீலம்தடவி:

‘நீ’ ஜிப்பைப் பார் தம்பி. சேடில் வெளியே வர வர முன்பாரம் கூடும், ‘நீ’ முன்னால் தலை குனியும். ஸ்டாண்டை மெஷினின் நிமிர்ந்த தூணில் ஒட்டி, டயலை டேபிளின் முன்விளிம்பில் வை. ‘நீ’ பூட்டைத் திறந்துவிட்டு முள்ளைப் பார், பூட்டிவிட்டுப் பார். பூட்டும்போது முள் நகர்ந்தால் ஆட்டம் அங்கேதான்.

வைஸையும் விட்டுவிடாதே. நகரும் தாடை இறுக்கும்போது மேலே எழும்பினால் கட்டையும் அதனோடு எழும்பும். தாடை மேல் டயல் வைத்து இறுக்கினால் தெரிந்துவிடும்.

கிளைம்ப்கட்:

இதற்கிடையே நட் பற்றி யாரும் சொல்லவில்லை. எண்ட் ப்ளே 0.22 என்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பேரிங் இருக்கும் பக்கத்து பிராக்கெட்டைக் கழற்றி, பேரிங் நன்றாக இருந்தால் லாக் நட்டை இறுக்கினாலே அது போய்விடும். கைப்பிடி பக்கத்து நட் தளர்ந்திருப்பதும் சகஜம்.

பிறகு ஃபீட் நட். சில மெஷின்களில் இரண்டு துண்டு நட், ஒன்றை மற்றதற்கு எதிராக நகர்த்தினால் மரையின் இரு முகமும் நிரம்பும். சிலவற்றில் ஒரே நட்டைப் பிளந்து இறுக்கும் திருகு கொடுத்திருப்பார்கள். எதுவானாலும் விதி ஜிப்புக்குச் சொன்னதுதான்: ஓரத்தில் செட் செய்யுங்கள். உங்கள் ஸ்க்ரூ நடுவில் 0.25 தேய்ந்திருக்கிறது, அதை எந்த நட்டும் எடுக்காது. புது நட் மட்டும் வாங்கிப் போட்டாலும் இதே கதைதான், ஓரத்தில் இறுக்கம், நடுவில் 0.25.

பாதிமரை:

அசிட்டல் நட் செய்துகொள்ளலாமே? பிளாஸ்டிக் கட்டையைச் சூடாக்கி ஸ்க்ரூ மேல் அழுத்தினால் மரையின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும், பேக்லாஷ் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

கிளைம்ப்கட்:

சின்ன மெஷின்களுக்கு நல்ல யோசனை, நானும் செய்திருக்கிறேன். இரண்டு எச்சரிக்கை. அசிட்டல் 175 டிகிரி அருகில் உருகும். தீக்காட்டிச் சூட்டை அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயு விடும், கண்ணும் மூக்கும் எரியும். காற்றோட்டம் வேண்டும், தீயை நேராகப் பிளாஸ்டிக்கில் காட்டக் கூடாது, இரும்பைச் சூடாக்கி அதை வைத்து உருக்க வேண்டும். இன்னொன்று, ஸ்க்ரூவின் தேயாத பகுதியை வைத்துத்தான் அச்சு எடுக்க வேண்டும். நடுப்பகுதியில் எடுத்தால் மரை அங்கே மெலிந்திருக்கும், ஓரத்தில் நட் போகாது.

ஆயில்கேன்:

டி.ஆர்.ஓ. (டிஜிட்டல் ரீட்அவுட்) மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை பேச்சிலிருந்தே போய்விடும். ஸ்கேல் டேபிளின் இடத்தை நேரடியாகப் படிக்கிறது, ஸ்க்ரூ எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கட்டர் டேபிளை இழுப்பதை மட்டும் அது தடுக்காது. அதற்குக் கன்வென்ஷனல் கட்தான் (கட்டர் சுழலும் திசைக்கு எதிராக டேபிளை நகர்த்துவது). ஃபினிஷுக்குக் கிளைம்ப் வேண்டுமென்றால் 0.1 மட்டும் விட்டு, எக்ஸ் பூட்டைக் கொஞ்சம் பிடித்த மாதிரி வைத்து எடுங்கள்.

நீலம்தடவி:

ஸ்க்ரேப்பிங் பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன். செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கத்தியைக் கையில் எடுத்தால் இருக்கும் மெஷினும் போய்விடும்.

டேபிளின் அடிப்பக்கத்தைப் பெரிய சர்ஃபேஸ் பிளேட்டில் நீலம் (தொடும் இடங்களைக் காட்டும் மை) வைத்து முதலில் சமமாக்க வேண்டும். அதுவே பிறகு மாஸ்டர், அதை வைத்துச் சேடிலின் மேற்பக்கம். டவ்டெயிலின் (புறாவால் வடிவ வழித்தடம்) சரிவுக்குத் தனியாகக் கோணமுள்ள ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வேண்டும். சேடிலின் கீழ்ப்பக்கம் ‘நீ’யோடு பொருந்துவதோடு, ஒய் (முன்பின்) வழி எக்ஸ் வழிக்குச் செங்குத்தாகவும் வர வேண்டும், அங்கேதான் பலர் திணறுவார்கள். சதுர அங்குலத்துக்கு 10 முதல் 20 புள்ளி தாங்கினால் மில்லிங் மெஷினுக்குத் தாராளம். வெறும் பளபளப்பு வழித்தடத்துக்கு ஆகாது, புள்ளிகளுக்கு இடையே இருக்கும் பள்ளத்தில்தான் எண்ணெய் நிற்கும்.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டியே நினைப்பதில்லை. சுரண்டச் சுரண்ட டேபிள் கீழே இறங்கும், ஸ்க்ரூவும் கூடவே இறங்கும், நட் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். அதை ஈடுகட்டத்தான் டர்சைட் மாதிரி டெஃப்லான் கலந்த பட்டையை எப்பாக்ஸியில் ஒட்டி, உயரத்தைத் திரும்ப எடுத்து, அதன் மேல் சுரண்டுவது. உன் மெஷினுக்கு இப்போது அது தேவையில்லை. 500 மி.மீ. கட்டையில் 0.016 உனக்கு ஆகாது என்றால் அப்போது பேசுவோம்.

சதுரமுனை:

‘நீ’ ஜிப்தான். வைப்பர் ஃபெல்ட் (தூளைத் துடைக்கும் கம்பளித் துண்டு) கிழிந்து, ஜிப் திருகின் தலைக்குக் கீழே இரும்புத்தூள் கெட்டித்திருந்தது. திருகு முட்டிவிட்டது போலத் தெரிந்தது, உண்மையில் ஜிப்பைத் தொடவே இல்லை. சுத்தம் செய்து, புது ஃபெல்ட் போட்டு, மேலிருந்து கீழ்வரை ஓட்டிச் செட் செய்தேன். பூட்டும்போது முன்விளிம்பில் முள் நகர்வது 0.06லிருந்து 0.01க்கு வந்துவிட்டது. அதே 100 மி.மீ. கட்டையை வெட்டினேன், முன்பின் வித்தியாசம் இப்போது 0.015.

எண்ட் ப்ளே 0.02. நட்டை ஓரத்தில் செட் செய்ததில் மொத்த பேக்லாஷ் ஓரங்களில் 0.05, நடுவில் 0.3. டேபிள் ஜிப்பையும் ஓரத்தில் வைத்துச் செட் செய்துவிட்டேன், நடுவில் கொஞ்சம் ஆடுகிறது, வெட்டும்போது எக்ஸ் பூட்டைக் கொஞ்சம் பிடித்த மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

மிச்சம் 0.015 எங்கிருந்து வருகிறது?

டவ்டெயில்:

ஹெட்டை ட்ராம் செய்தது (ஸ்பிண்டிலை டேபிளுக்குச் செங்குத்தாக வைத்தது) ஜிப்புக்கு முன்னாலா, பின்னாலா?

சதுரமுனை:

முன்னால். அதற்குப் பிறகு தொடவில்லை.

டவ்டெயில்:

பின்னே என்ன. பழைய ட்ராம், தலைகுனிந்த ‘நீ’க்கு ஏற்றபடி வைத்தது. ‘நீ’ நிமிர்ந்துவிட்டது, ஹெட் அப்படியே இருக்கிறது. ‘நீ’யைப் பூட்டிய நிலையில், நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் உயரத்தில், ஒய் திசையில் மறுபடி ட்ராம் செய்யுங்கள். டயலை வைஸில் ஓட்டாமல் டேபிளில் ஓட்டுங்கள், குவில் (ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குழல்) பூட்டும் போட்டிருக்கட்டும். முன்பின் சாய்வைத் திருத்தும் போல்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், கடைசி இறுக்கத்தில்தான் முள் நழுவும்.

சதுரமுனை:

சரி, நாளைக்கு அதைத்தான் செய்யப் போகிறேன். வைஸ் தாடையும் 0.01 எழும்புகிறது, அதையும் பிறகு பார்க்க வேண்டும்.